ஸ்டெல்லா புதைத்த வெள்ளை மணிகள்

இன்று காலை, பக்கத்து வீட்டு ஸ்டெல்லா ஒரு கிண்ணத்தை நீட்டினார்.

"டீச்சர், புதுசா வாங்குன மண்ணுல எவ்ளோ ஜாஸ்தியா உரம் கலந்திருக்கான் பாருங்க!"

ஊறிய ஜவ்வரிசி போல வெள்ளை மணிகள். உரக் குருணை என்றால் காய்ந்து, தனித்தனியாக உதிரும். இவை ஈரமாக, கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தன. குச்சியால் ஒன்றை அழுத்தினேன். தண்ணீர் பீச்சியடித்தது.

"இது நத்தை முட்டை, ஸ்டெல்லா."

"ஐயோ! சத்து ஏறட்டும்னு கீரைத் தொட்டியில எல்லாம் பிரிச்சுப் புதைச்சிட்டேனே. தினம் தண்ணி வேற ஊத்துறேன்."

"அப்போ நல்லாவே அடைகாத்திருக்கீங்க."

அவர் சிரிக்கவில்லை. பிரசவத்துக்கு வந்திருக்கும் மகளுக்காகப் போட்ட கீரை அது.

கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு தொட்டியாகக் கிளறினோம். அகப்பட்ட முட்டைகளை நசுக்கி, வாளியில் கரைத்து வைத்திருந்த உப்புத் தண்ணீரில் போட்டோம். கடைசித் தொட்டியில் வெறும் தோல்தான் இருந்தது.

"இதுல ஒண்ணுமே இல்ல. தப்பிச்சோம் டீச்சர்!"

"இல்லம்மா. இது பொரிஞ்சு போச்சு."

ஸ்டெல்லா மெதுவாகக் கீரையைப் பார்த்தார். இலையெங்கும் ஓட்டைகள். புழு என்று நினைத்திருந்தாராம். மண்ணில் எவ்வளவு தேடியும் ஒரு குஞ்சுகூட எங்கள் கண்ணில் படவில்லை.

இப்போது மழை இருட்டிக்கொண்டு வருகிறது.

ஸ்டெல்லாவைப் போலச் சத்துவாச்சாரிப் பக்கம் வண்டியில் வரும் மண்ணை வாங்கியவர்கள் தொட்டியைக் கிளறிப் பார்த்துவிட்டு இந்தப் பதிவின் கீழே சொல்லுங்கள். "எங்க மண்ணுல உரம் நல்லா இருக்கு டீச்சர்" என்று மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள்.