புரட்டிப் போட்ட உரப்பைகள்

என் சின்ன மாமா மாடுகளோடு தாராளமாகக் கதைப்பார். மனிதர்களோடு பேசத்தான் சொற்களைத் தேடுவார். அம்மாவின் கடைசித் தம்பி. சண்டை துரத்தி யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டில் தங்கியிருந்தவர். வந்து ஒரு வருடம் ஆவதற்குள் ஒருகொடவத்தையில், கொள்கலன் அடுக்கும் வளவுகளுக்குப் பின்னால் கிடந்த ஒரு சதுப்புக் காணியைக் குத்தகைக்கு எடுத்து, ஐந்து பசுக்களையும் வாங்கிக் கட்டிவிட்டார். வடக்கிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் கனடாவுக்கு வழி தேடிக்கொண்டிருக்க, இந்த மனுசன் புல்லுக்கு வழி தேடுகிறார் என்று அப்பா கேலி செய்வார். மாமா அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வார்.

புல் உண்மையிலேயே பெரிய பாடாகத்தான் இருந்தது. லொறிகளின் எண்ணெய் குடித்த மண்ணில் அது மஞ்சளாக, முழங்கால் உயரத்துக்குமேல் வளரமாட்டேன் என்று நின்றது. யூரியா போட்டால் எழும்பும். ஆனால் அந்தக் காலத்தில் யூரியா வெறும் பசளை இல்லை. அதை வைத்து வெடிமருந்து செய்யலாம் என்பதால் வடக்குக்கு அனுப்பவே தடை. யாழ்ப்பாணத்து அடையாள அட்டையோடு கொழும்பில் ஒரு கடைக்குப் போய் மூட்டைக் கணக்கில் யூரியா கேட்க மாமாவுக்கு என்ன பைத்தியமா? அதனால் அவர் கோழி எருவுக்கு மாறினார். வத்தளைக்கு அப்பால் ஒரு சிங்கள முதலாளியின் கோழிப்பண்ணை இருந்தது. உமியும் எச்சமுமாக மிதிபட்டுக் கிடப்பதை அள்ளிக்கொண்டு போனால் போதும், தனக்குக் கூடு சுத்தமாகும் என்று அவர் சொல்லிவிட்டார். மாமா ஒரு சின்ன லொறியை வாடகைக்கு எடுத்து, சனிக்கிழமைகளில் தானே ஓட்டிக்கொண்டு போவார்.

என்னையும் கூட்டிக்கொண்டு போவார். எனக்கு அப்போது பத்து வயது. எங்கள் ஒழுங்கையில் விளையாடி விளையாடியே சிங்களம் சரளமாக வந்திருந்தது. மாமாவுக்குத் தெரிந்த சிங்களம் 'ஹரி மாத்தயா', அதாவது 'சரி ஐயா', என்பதோடு முடிந்துவிடும். ஆகவே நான்தான் மொழிபெயர்ப்பாளர். அந்தப் பதவியில் எனக்குப் பெரிய தலைக்கனம். வேலையின் நாற்றம்தான் பிடிக்கவில்லை. அது தலைமயிரில் ஏறினால் திங்கட்கிழமை வரைக்கும் இறங்காது.

நான் சொல்லப்போகும் சனிக்கிழமை, வழக்கமான சாக்குகள் போதாமல் போய்விட்டன. முதலாளி நல்ல மனதோடு தன்னிடமிருந்த வெற்றுப் பைகளைத் தந்தார். அத்தனையும் யூரியாப் பைகள். மூன்று மொழியிலும் கொட்டை எழுத்தில் யூரியா. இந்த எழுத்தோடு சோதனைச்சாவடியைக் கடக்க முடியாது என்று மாமாவுக்குத் தெரியும். ஒவ்வொன்றாக உட்புறம் வெளியே வரும்படி புரட்டினார். எழுத்து உள்ளே போய்விட்டது. இருபது பைகளையும் அப்படியே நிரப்பிக் கட்டி ஏற்றிவிட்டு, தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டார்.

"இனி ஒருத்தரும் ஒண்டும் வாசிக்கேலாது, பிள்ளை."

திரும்பும் வழியில், ஆற்றுப் பாலத்தடிச் சோதனைச்சாவடியில் அன்று வரிசை நீளம். எங்கள் லொறிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. பின் இருக்கையில் இருந்தவள் என் வகுப்பில் முதலாம் பிள்ளை. என்னைக் கண்டு கையசைத்தாள். அடுத்த நிமிடம் மூக்கைப் பொத்திக்கொண்டு கண்ணாடியை உயர்த்தத் தொடங்கினாள். அது பாதி வழியில் இறுகிவிட்டது. நான் செத்துப்போனேன். சரியாக அந்த நேரத்தில் ஓர் இளம் சிப்பாய் எங்கள் பக்கம் வந்து, பைகளைத் தட்டிப் பார்த்து, என்னிடம் கேட்டான்.

"மேவா மொனவத, நங்கி?"

இவை என்ன, தங்கச்சி. எவ்வளவு எளிய கேள்வி! கோழி எரு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவளுடைய காரின் கண்ணாடி பாதி திறந்திருந்தது. அவளுக்கும் கேட்க வேண்டும் என்றே உரத்துச் சொன்னேன்.

"புண்ணாக்கு, அய்யே."

அய்யே என்றால் அண்ணா. புண்ணாக்குக்குச் சிங்களத்திலும் அதே பெயர்தான். மாமாவுக்கு அந்தச் சொல் விளங்கிவிட்டது. திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருக்கவில்லை. இதை இனி எப்படித் திருத்துவது என்ற தவிப்பு மட்டும் இருந்தது. திருத்த அவரிடம் சிங்களம் இல்லை.

சிப்பாய் ஒரு பையில் இரும்புக் கம்பியைக் குத்தி இழுத்தான். உமி கொட்டியது, கூடவே சாம்பல் நிறக் கட்டிகள். அவன் நகரத்துப் பையன் போலும். முகத்தைச் சுளித்தானே தவிர, இன்னதென்று அவனுக்குப் பிடிபடவில்லை. புண்ணாக்கு இல்லை என்பது மட்டும் தெரிந்தது. பையின் வாயை அவிழ்த்து ஓரத்தை மடித்துப் பார்த்தான். உள்ளேயிருந்து யூரியா என்ற எழுத்து வெளியே வந்தது. அடுத்த பை. அதற்கடுத்த பை. எல்லாவற்றிலும் அதே எழுத்து. அவன் குரல் மாறிவிட்டது. மறைக்க ஒன்றுமே இல்லாத பொருளை ஒருவர் பையைப் புரட்டியும் மற்றவர் பொய் சொல்லியும் மறைத்து வைத்திருந்தோம். அவன் இடத்தில் யார் இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பார்கள்.

மாமாவை இறக்கி, மணல்மூட்டைச் சுவரோரம் முழங்காலில் இருத்தினார்கள். கைகள் தலைக்குமேல். அடையாள அட்டையை வாங்கி, பிறந்த இடத்தை ஒருவன் உரத்து வாசித்தான். ஜீப்புக்குச் சொல்லுங்கள் என்று ஒரு குரல் கேட்டது. ஜீப் என்றால் என்ன என்று பத்து வயதிலும் எனக்குத் தெரியும். எங்கள் ஒழுங்கை மூலை வீட்டு அண்ணனை ஒரு ஜீப் ஏற்றிக்கொண்டு போனது; அவருடைய தாய் இன்னும் பொலிஸ் நிலையங்களுக்கு அலைந்துகொண்டிருந்தார். புண்ணாக்கு இல்லை, கோழி எரு, நான் பொய் சொன்னேன் என்று சிங்களத்தில் அழுதேன். முதலாவது சொல் பொய்யென்று கண்டவன் இரண்டாவதை நம்பவில்லை. வெள்ளைக் கார் எப்போதோ போய்விட்டிருந்தது.

சாவடிக்குள்ளிருந்து கொஞ்சம் வயதான ஒருவர் வந்தார். மற்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். அவர் சிந்திக்கிடந்ததில் ஒரு பிடி அள்ளி, ஒரு கட்டியை விரலால் உடைத்து, மூக்கருகே கொண்டுபோனார். என் அப்பா தேயிலைத் தூளைக்கூட அவ்வளவு கவனமாக முகர்ந்ததில்லை. பிறகு என்னைத் 'துவ' என்று மகளைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டார். இது எதற்கு என்று மாமாவிடம் கேட்கச் சொன்னார். மாட்டுப் புல்லுக்கு என்றார் மாமா.

"அப்படியென்றால் கேள், துவ. இன்றைக்கு இதைப் போட்டுவிட்டு நாளைக்கு மாட்டை மேயவிடுவாரா?"

நான் தமிழில் கேட்டேன். அதுவரை தலையைக் குனிந்திருந்த மாமா சட்டென்று நிமிர்ந்தார். தான் எங்கே, எப்படி இருக்கிறேன் என்பதே அவருக்கு மறந்துவிட்டது.

"நாளைக்கோ? ஆர் அப்பிடிச் செய்யிறது? வடிவாச் சொல்லு பிள்ளை. முதல்ல இதைக் குவிச்சு, மூடிப் பழுக்க விடவேணும். புல்லு வெட்டின உடன போடவேணும். பிறகு மழை கழுவவேணும். மூண்டு நாலு கிழமைக்கு மாடு அந்தப் பக்கம் வாயே வைக்கக்கூடாது!"

சொன்னேன். ஒரு சொல்லையும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. அந்த வயதானவர் தலையாட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தார். எருவுக்குள் செத்த கோழி கிடந்தால் என்ன செய்வார் என்று கேட்டார். அள்ளும்போதே ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் புதைத்துவிடுவேன், எலும்பு ஒன்று தப்பினாலும் போச்சு என்றார் மாமா. அழுகின எலும்பைச் சப்பின மாட்டுக்குக் கால் மடங்கும், நாக்குத் தொங்கும், அதன்பிறகு கடவுளாலும் எழுப்ப முடியாது. கால் மடங்குவதற்குச் சிங்களத்தில் எனக்குச் சரியான சொல் வரவில்லை. மாமாவின் உயிர் அந்த ஒரு சொல்லில் தொங்குவதுபோல் இருந்தது. நடு வீதியில் முழங்காலை மடித்து விழுந்து, நாக்கைத் தொங்கவிட்டு, செத்துக்கொண்டிருக்கும் மாடாக நடித்துக் காட்டினேன். எரு என்று சொல்ல வெட்கப்பட்டவள்தான்!

ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த மனிதர் என்னைக் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

"எங்கள் வீட்டில் இரண்டு பசு அப்படித்தான் விழுந்தது" என்றார், என்னிடம் இல்லை, பொதுவாக. ஜீப் வேண்டாம் என்று சொல்லச் சொன்னார். ஆனால் பைகளைத் தரமாட்டேன் என்றுவிட்டார். மாமா இருபது பையையும் தனியாளாகக் கொட்டி, எருவை லொறியில் குவியலாக ஏற்ற வேண்டியிருந்தது. முடிந்ததும் அடையாள அட்டையை நீட்டினார்கள். மாமா அதை இரண்டு கையாலும் வாங்கி, ஹரி மாத்தயா, ஹரி மாத்தயா என்று நான்கைந்து தடவை சொன்னார்.

பாலத்தைத் தாண்டி ஒருகொடவத்தைப் பக்கம் திரும்பினோம். மாமா கொள்கலன் மதில் ஒன்றின் ஓரத்தில் லொறியை நிறுத்தி, கதவைத் திறந்து இறங்கினார். முன் சில்லைப் பிடித்துக்கொண்டு குனிந்து வாந்தி எடுத்தார். வயிற்றில் ஒன்றும் மிஞ்சாத பிறகும் எடுத்தார். பிறகு சில்லோடு சாய்ந்து நிலத்தில் இருந்துவிட்டார். அவருடைய தோள் குலுங்கியது. நான் இருக்கையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பயம் எனக்கு அப்போதே போய்விட்டது. விட்டுவிட்டார்கள், முடிந்தது, வீட்டுக்குப் போகப்போகிறோம். பைக்குள் அடைபட்டிருந்த நாற்றம் வெளியே வந்ததும் மாமாவாலேயே தாங்க முடியவில்லை என்று எனக்குப் பெரிய திருப்தியாக இருந்தது.

வீட்டுப் படியேறியதும் அம்மாவிடம் முதல் வேலையாக அதைத்தான் சொன்னேன். சோதனைச்சாவடியைப் பற்றி அதற்குப் பிறகுதான் சொல்ல நினைத்திருந்தேன்.

"அம்மா, மாமா சத்தி எடுத்தவர்! அவருக்கே அந்த மணம் பிடிக்கேல்ல!"

மாமா வாசலில் நின்றார். அம்மா அவருடைய முழங்காலில் அப்பியிருந்த தெருமண்ணைப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு என்னைத் தள்ளிக்கொண்டு போய், நாற்றத்தையும் பொருட்படுத்தாமல் தம்பியைக் கட்டிப்பிடித்து அழுதார். ஒரு வாந்திக்குப் போய் இவ்வளவு அழுகையா என்று நான் சிரித்துக்கொண்டு நின்றேன்.