வெடிப்பு மூடுவதற்குள்

எட்டயபுரம் சாலையிலிருந்து தெற்கே பிரியும் மண்பாதையில் கிட்டுவைத் தெரியாதவர்கள் கிடையாது. நாற்பது ஆடுகளுக்குப் பின்னால் தொரட்டிக் கம்போடு அவர் நடப்பார். அவருக்குப் பின்னால் ஒரு சாம்பல் நிறப் பூனை நடக்கும். ஆடுகளுக்கெல்லாம் பெயர் வைத்தவர், பூனையை மட்டும் "ஏட்டி" என்றுதான் கூப்பிடுவார்.

"ஆட்டுக்காரன் பின்னால நாய் போகும். உங்களுக்கு வாய்ச்சது பூனை. ஊரே சிரிக்குது" என்பாள் அவர் மனைவி வெள்ளைத்தாய்.

"நாய்னா குலைக்கும். இது உன்னய மாதிரி, மொறைக்க மட்டுந்தான் செய்யும்."

சித்திரையில் அந்தப் பூனை மூன்று குட்டிகள் போட்டது. போட்டது வெள்ளைத்தாயின் துணிக்கூடைக்குள், கலியாண வீட்டுக்கென்று மடித்து வைத்திருந்த புதுச்சேலையின் மேல். அவள் விளக்குமாற்றை ஓங்கினாள், அடிக்கவில்லை. ஆனாலும் மறுநாள் விடிந்தபோது கூடை காலி; பூனையையும் காணோம். கிட்டு தெருவெல்லாம் தேடிப் பார்த்தார்.

மூன்றாம் நாள் பிற்பகல். வறண்ட கண்மாய்க்குள் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. தரை முழுக்கப் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஒரு வெடிப்புக்குள் சாம்பல் நிற வால் ஒன்று இறங்கி மறைவதைக் கிட்டு பார்த்தார். ஓடிப்போய்க் காதை வைத்தார். ஆழத்தில் குட்டிகளின் கீச்சுக்குரல். வெயிலுக்குக் குளிர்ச்சியான இடம் என்று பார்த்திருக்கிறது.

மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கோடை மழை. கரிசல் மண் தண்ணீர் குடித்தால் உப்பிவிடும். இன்று கை நுழையும் வெடிப்பில் நாளைக்கு நகம் நுழையாது.

கூட மேய்த்த சுந்தரபாண்டி வந்து எட்டிப் பார்த்தான். "அண்ணாச்சி, கடப்பாரை கொண்டாரவா?"

"வேண்டாம்லே. மண்ணு சரிஞ்சு உள்ள அமுக்கிரும். நீ ஆட்டைப் பத்திக்கிட்டுப் போ."

அவன் போகிற போக்கில் வெள்ளைத்தாய்க்குப் போன் போட்டான்.

கிட்டு குப்புறப் படுத்து வலது கையைத் தோள்வரை உள்ளே விட்டார். விரல் எதிலும் படவில்லை. உள்ளங்கையை விரித்துக் காத்திருந்தார்.

"ஏட்டி, மழை வருதுட்டி. குடுட்டி."

உள்ளே ஒரு சீறல். நகம் முன்கையைக் கீறியது. அவர் கையை எடுக்கவில்லை.

வெள்ளைத்தாய் ஒரு ஓலைப்பெட்டியோடு மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். "மழை வாரப்ப வெட்டவெளியில இப்படியா படுத்துக் கிடப்பாவ? கைய நீட்டுனா பூனை பிள்ளையத் தூக்கிக் குடுத்திருமாக்கும்! மனுசங்களே குடுக்க மாட்டாவ."

"பேசாத" என்றார் கிட்டு.

அவர் உள்ளங்கையில் ஏதோ வெதுவெதுப்பாக வந்து உட்கார்ந்திருந்தது.

கையை மெல்ல, மிக மெல்ல வெளியே இழுத்தார். கண் திறக்காத ஒரு குட்டி. வெள்ளைத்தாய் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கை மறுபடி உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் இரண்டாவது வந்தது. முதல் துளிகள் புழுதியில் பொட்டுப் பொட்டாக விழுந்தன. மூன்றாவது வர நேரமானது. வந்தபோது அதன் பிடரி தாயின் வாய் ஈரத்தில் நனைந்திருந்தது.

பிறகு ஒன்றும் இல்லை. மழை வலுத்தது. வெடிப்பின் ஓரத்து மண் இளகி உள்ளே உதிர்ந்தது. கிட்டு கையை அப்படியே வைத்திருந்தார்.

மணிக்கட்டில் ஒரு பாதம் பதிந்தது. அப்புறம் முழங்கையில், தோளில். அவர் கையையே ஏணியாக்கி ஏறி வந்த பூனை, அவர் முதுகின் மேல் நின்று உடம்பை உதறியது. குட்டிகளைப் பெட்டியிலிட்டு முந்தானையால் மூடியிருந்தாள் வெள்ளைத்தாய்; அவளும் கிட்டுவும் பூனையும் மழையில் நனைந்தார்கள். எழுந்திருக்க வேண்டும் என்று கிட்டுவுக்குத் தோன்றவே இல்லை. வெள்ளைத்தாயும் எழுப்பவில்லை.

மறுநாள் காலையில் அவர் கண்மாய்க்குப் போனார். கறுப்பாக, வழவழப்பாக, ஒரு கீறல்கூட இல்லாமல் தரை கிடந்தது. எந்த இடம் என்று சொல்ல முடியவில்லை. தன் உள்ளங்கையை ஒருமுறை விரித்துப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

வீட்டில் அதே துணிக்கூடைக்குள், அதே புதுச்சேலையின் மேல் பூனை குட்டிகளோடு படுத்திருந்தது.

"கலியாணத்துக்கு எதைக் கட்டுவ?" என்றார்.

"பழசக் கட்டிக்கிடுதேன்" என்றாள் வெள்ளைத்தாய். "சத்தம் போடாம அந்தப் பக்கம் போங்க. இப்பத்தான் தூங்குது."