மைக்கண்ணன் சொன்ன பேர்

இந்த ஊருக்கு இப்போது ரெண்டு பேர். ஒன்று இருக்கிற பேர், இன்னொன்று வைக்கப்போகிற பேர். நான் ரெண்டையும் சொல்லப்போவதில்லை. எதைச் சொன்னாலும் யாராவது ஒருத்தர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்துவிடுகிறார். மருந்துக்கடையில் தலைவலி மாத்திரை கேட்டால்கூட, "நீங்க எந்தப் பக்கம்?" என்று விசாரித்துவிட்டுத்தான் எடுத்துத் தருகிறார்கள். தலைவலிப் பக்கம், ஐயா. போதுமா?

ஆனாலும் விஷயத்தைச் சொல்லித்தான் ஆகவேண்டும். இருக்கிற பேர் ஓர் ஆளுநருடையது. பல தலைமுறைக்கு முன்னால், இங்கே இருந்த பஞ்சாலையில் கூலி உயர்த்திக் கேட்டவர்களை அந்த ஆள் ஒரு கிடங்கில் அடைத்துப் பூட்டினான். நல்ல கோடை. சன்னல் இல்லாத கிடங்கு. கதவைத் திறந்தபோது உள்ளே ஒருத்தருக்கும் மூச்சு இல்லை. அதே ஆள்தான் ஊருக்குக் குடிநீர்க் குழாய் போட்டான், ஆஸ்பத்திரி கட்டினான், தன் பேரையும் வைத்துக்கொண்டான். கொன்றவன் பேரை எதற்குச் சுமக்க வேண்டும் என்று ஒரு கூட்டம். கட்டினவன் பேரை ஏன் எடுக்க வேண்டும், கடைப் பலகை தொடங்கிப் பஸ் போர்டு வரை எல்லாவற்றையும் எவன் மாற்றுவது என்று இன்னொரு கூட்டம். என்னைக் கேட்டால் மாற்றத்தான் வேண்டும் என்பேன். என்னை யாரும் கேட்கவில்லை. அந்தக் கிடங்கு இருந்த இடத்தில் இப்போது வண்டி நிறுத்துகிறார்கள். மழை பெய்தால் அங்கே சாக்கடை பொங்குகிறது. அதைப் பற்றிப் பேச ரெண்டு கூட்டத்துக்கும் நேரமில்லை.

என் வீட்டுக்காரர் மைக்செட் கடை வைத்திருக்கிறார். ஊருக்கெல்லாம் அவர் மைக்கண்ணன். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். கூத்தாடியை விடுங்கள், மைக்செட்காரனுக்குத்தான் நிஜமான கொண்டாட்டம். ஞாயிற்றுக்கிழமை "மாற்று" கூட்டம், திங்கட்கிழமை "மாற்றாதே" கூட்டம். ஒரே மைக், ஒரே கம்பம். அதில் தெறிக்கிற எச்சில் மட்டும்தான் வேறு வேறு.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் நான் ஒரு தையல் கம்பெனியில் வேலை பார்த்தேன். அங்கே ஆண்டு விழாவுக்கு மைக் கட்ட வந்தவர் இவர். நான் வரவேற்புரை படித்துவிட்டு இறங்கினதும் நேரே வந்தார். "குரல் கணீர்னு இருக்கு. ஆனா ஒவ்வொரு வரி முடியறப்பவும் மூச்ச முழுங்குறீங்க" என்றார். யார் கேட்டார்கள் இவரை? எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. அப்படிப்பட்ட காது அது. மைதானத்தின் அந்தக் கோடியில் ஒரு ஒயர் தளர்ந்தால் இந்தக் கோடியில் நின்று சொல்லிவிடுவார்.

அந்தக் காதைத் தொழிலே தின்றுவிட்டது. காலமெல்லாம் குழாய் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்றால் என்ன ஆகும்? முதலில் இடது காது, பிறகு வலது. டாக்டர் கருவி மாட்டச் சொன்னார். இவர் டாக்டருக்கே நாலு புத்தி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

"சமையக்காரனுக்கு நாக்கு செத்துப்போச்சுன்னு தெரிஞ்சா எவன்டி வேலைக்குக் கூப்பிடுவான்?" என்றார் என்னிடம். "என்னைத் திருடன்னு சொல்லட்டும், குடிகாரன்னு சொல்லட்டும். செவிடன்னு மட்டும் ஒருத்தன் சொல்லக்கூடாது. உன் வாயிலேருந்து அது வெளிய போச்சுன்னா அன்னையோட நமக்குள்ள பேச்சு இல்ல."

அன்றிலிருந்து நான்தான் அவர் காது. போன் வந்தால் நான்தான் பேசுவேன். கூட்டங்களில் மேடைக்கு எதிரே, அவர் கண்ணுக்குப் படுகிற மாதிரி நிற்பேன். வலது கையால் தலையைக் கோதினால் சத்தத்தைக் கூட்ட வேண்டும், இடது கையால் கோதினால் குறைக்க வேண்டும். அவர் ஆம்ப்ளிஃபையரில் ஆடுகிற முள்ளைப் பார்ப்பார், ஸ்பீக்கர் பெட்டிமேல் உள்ளங்கையை வைத்து அதிர்வைப் பார்ப்பார். எதிரில் நிற்கிறவர் வாயசைவை வைத்தே பாதிப் பேச்சைப் பிடித்துவிடுவார். பின்னால் நின்று கூப்பிட்டால் மட்டும் திரும்பமாட்டார். மைக்கண்ணனுக்குத் தலைக்கனம் என்று ஊர் நினைத்துக்கொண்டது. நினைக்கட்டும் என்று விட்டுவிட்டார். செவிடன் காதில் ஊதிய சங்கு என்கிற பழமொழி மட்டும் எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை.

அவருக்கு ஒரே தம்பி. தபால் ஆபீசில் வேலை. அப்பா சின்ன வயசிலேயே போய்விட்டதால் அண்ணன்தான் வளர்த்தார். அந்தக் கிடங்கில் மூச்சடைத்துச் செத்தவர்களில் இவர்களுடைய கொள்ளுத்தாத்தாவும் ஒருத்தர். அதனால் கொழுந்தன், ஊர்ப் பேர் மாற்றக் குழுவின் செயலாளர் ஆனார். ஆன நாளிலிருந்து சாதம் கேட்பதுகூடத் தீர்மானம் நிறைவேற்றுகிற குரலில்தான். நானும் அவரைச் செயலாளரே என்றுதான் கூப்பிடுவேன். அண்ணனுக்குக் காது போன விஷயம் அவருக்கும் தெரியாது. தெரிந்தால் ஊருக்கே தெரிந்த மாதிரி.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். பேர் மாற்றக் குழுவின் பெரிய கூட்டம். அன்றைக்குப் பார்த்து என் கடைவாய்ப் பல் உயிரை எடுத்தது.

"கூட்டம் முடியட்டும், நாளைக்குப் புடுங்கிக்குறேன்" என்றேன்.

"போடி, மூஞ்சி பூசணிக்கா மாதிரி வீங்கிக் கெடக்கு. எனக்குத் தெரியாத கூட்டமா?"

"டெஸ்டிங்ல ஒன்னு ரெண்டு மட்டும் சொல்லுங்க. ஊர்ப் பேரச் சொல்லிடாதீங்க."

"என்னை என்ன மடையன்னு நெனச்சியா?"

இதை நான் சொன்னதற்குக் காரணம் உண்டு. எல்லா மைக்செட்காரரும் ஹலோ ஹலோ என்பார்கள். இவர் கடை திறந்த நாளிலிருந்து ஊர்ப் பேரைச் சொல்லி, "வாழ் பெருமக்களே, வணக்கம்" என்றுதான் மைக்கைச் சோதிப்பார். தூக்கத்தில் எழுப்பிக் கையில் மைக்கைக் கொடுத்தாலும் அதுதான் வரும்.

பல் டாக்டர் ஊசி போட்டு, வாயைப் பிளக்க வைத்து, இடுக்கியை உள்ளே விட்டார். அப்போது மைதானத்திலிருந்து என் வீட்டுக்காரர் குரல் கேட்டது. பழைய பேர். வாழ் பெருமக்களே, வணக்கம்.

பின்னாலேயே ஓ என்று ஓர் இரைச்சல். ஒரு தடவை வாய் தவறிவிட்டது, இத்தோடு நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். மறுபடி அதே பேர், முன்னைவிடச் சத்தமாக. இரைச்சல் ரெண்டு மடங்கானது. மறுபடி அதே பேர்.

"உங்க வீட்டுக்காரருக்குத் தைரியம்தான்மா!" என்றார் டாக்டர், இடுக்கியை என் வாய்க்குள் வைத்துக்கொண்டே. அவர் பழைய பேர்ப் பக்கம். தைரியமாவது மண்ணாவது! நான் கையை ஆட்டி என்னவோ சொன்னேன், "அசையாதீங்க" என்று பல்லைப் பிடுங்கிவிட்டார்.

பஞ்சைக் கடித்துக்கொண்டு ஓடினேன். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஒயரை அறுத்திருந்தார்கள். எங்கள் பக்கத்துக் கடை சைக்கிள்காரர் எறிந்த செருப்பு இவர் தோளில் பட்டுச் சட்டையில் தடம் விழுந்திருந்தது. இவர் அறுந்த ஒயரைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நடந்தது இதுதான். கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, முள்ளைப் பார்த்துக்கொண்டே பேசியிருக்கிறார். பழக்க தோஷத்தில் பேர் வந்துவிட்டது. ஜனங்கள் கத்தினார்கள். கத்தல் மைக்குக்குள் போய் முள் எகிறியது. தான் வாயைத் திறக்காதபோது முள் ஏன் ஆடுகிறது? ஒயரில்தான் கோளாறு என்று அதை அழுத்திவிட்டுத் திரும்பச் சோதித்திருக்கிறார். முள் இன்னும் எகிறியது. திரும்பவும் சோதித்தார். ஊர் கொதிக்கக் கொதிக்க இவர் ரிப்பேர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். இந்த மடத்தனத்தை உலகத்தில் வேறு யார் செய்வார்கள், சொல்லுங்கள்!

"உண்மையச் சொல்லிடுங்க. காது கேக்கல, தெரியாம நடந்துபோச்சுன்னு ஒரு வார்த்தை. எல்லாம் அடங்கிடும்" என்று கெஞ்சினேன்.

"துரோகின்னே இருந்துட்டுப் போறேன்" என்றார்.

மறுநாள் காலை பழைய பேர்க்காரர்களின் தலைவரான லாட்ஜ் முதலாளி பூச்செண்டோடு வந்தார். கூடவே ஒரு போட்டோக்காரர். மிரட்டலுக்கு அஞ்சாத மாவீரர் என்று பக்கவாட்டில் நின்று என்னென்னவோ பேசினார். இவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. லாட்ஜுக்குப் புது ஸ்பீக்கர் கேட்டு வந்திருக்கிறார் என்று நினைத்து, பூச்செண்டை வாங்கிக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடுத்த நாள் பத்திரிகையில் வந்தது. கொள்ளுத்தாத்தாவைக் கொன்றவன் பேருக்காகச் செருப்படி பட்ட வீரராம். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

பத்திரிகையைச் சுருட்டிக்கொண்டு செயலாளர் வந்தார். அண்ணன் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அறுந்த ஒயருக்கு ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒரே ஒரு கேள்வி. எதுக்காக இப்படிப் பண்ணீங்க?"

அவர் திரும்பவில்லை.

"நம்ம குடும்பத்து ஆளு அங்க செத்தாரு. நீங்கதான் எனக்கு அந்தக் கதையச் சொன்னீங்க. சின்னப் பையனா இருக்கறப்ப என்னைக் கூட்டிட்டுப் போயி எடத்தைக் காட்டுனீங்க. எல்லாம் பொய்யா?"

ஈயம் புகைந்தது. அவர் அதை ஊதினார்.

"என் முகத்தக்கூடப் பாக்க மாட்டீங்களா? சரி. இனிமே எனக்கு அண்ணன் இல்ல. உங்க சாவுக்கும் நான் வரமாட்டேன்."

இதற்குமேல் என்னால் முடியவில்லை. கொழுந்தன் கையைப் பிடித்துத் தரதரவென்று பின்கட்டுக்கு இழுத்துப் போனேன்.

"அவருக்குக் காது கேக்காது. நீ பேசுனது ஒன்னுகூட அவருக்குக் கேக்கல. இத்தனை வருஷமா யாருக்கும் தெரியாம மறைச்சு வச்சிருக்காரு. புரியுதா?"

செயலாளர் முகத்திலிருந்த செயலாளர் எங்கேயோ போய்விட்டார். "அப்ப எனக்கு வேலை கெடைச்சன்னைக்கு..." என்றார். "பின்னாடி நின்னு மொதல்ல அவர்கிட்டதான் சொன்னேன். திரும்பவே இல்ல. பொறாமைன்னு நெனச்சேன், அண்ணி. இன்னைக்கு வரைக்கும் அப்படித்தான் நெனச்சுட்டிருந்தேன்." சுவரில் சாய்ந்துகொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது, கூடவே எரிச்சலும் வந்தது. வாயைத் திறந்து பேசாத குடும்பத்தில் வந்து மாட்டிக்கொண்டேனே என்று இருந்தது.

"யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது" என்றேன்.

"சத்தியமா, அண்ணி."

குழுச் செயலாளரின் சத்தியத்தை நம்பினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

மறுநாள் சாயங்காலம் மறுபடியும் அவர்கள் கூட்டம். வெளியூர் மைக்செட். எங்கள் கடைக்கு எதிர்க் கம்பத்திலேயே ஒரு குழாயைக் கட்டியிருந்தார்கள். இவர் வாசலில் நின்று அதைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

"பாரு, கோணலாக் கட்டியிருக்கான். சத்தம் பூரா மாடிச் செவுத்துல போயி முட்டும்."

எதுவும் முட்டவில்லை. செயலாளர் குரல் தெளிவாகத்தான் வந்தது.

"என் அண்ணன் துரோகி இல்ல! என் அண்ணனை யாரும் தப்பாப் பேசக்கூடாது! அவருக்குக் காது கேக்காது! ரெண்டு காதும் கேக்காது! நீங்க கத்துனது அவருக்குக் கேக்கவே இல்ல!"

அட படுபாவி! கைதட்டல் வேறு. தெருவில் போனவர்கள் நின்றார்கள். எதிர் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவள் எடுத்த துணியோடு எட்டிப் பார்த்தாள். எல்லோரும் எங்கள் வாசலையே பார்த்தார்கள். முகத்தில் நேற்றுவரை இருந்த கோபம் இல்லை. என் வீட்டுக்காரர் அதைக் கவனித்தார். மெல்லச் சிரித்தார். ரெண்டு பேர் கையசைத்தார்கள், இவரும் கையசைத்தார்.

"பாத்தியா?" என்றார் என்னிடம். "நான் சொன்னேன்ல. வாய மூடிக்கிட்டு இருந்தா எல்லாம் தானா அடங்கிடும். தம்பிதான பேசறான்? என்ன சொல்றான்?"

"உங்களப் பத்தித்தான்."

"திட்டுறானா?"

"இல்ல. பாசமாத்தான் பேசறாரு."

அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்திருக்கக்கூடாது. வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு தெருவில் ஓரடி இறங்கி நின்றார். அப்போது பக்கத்துக் கடையிலிருந்து சைக்கிள்காரர் வந்தார். கண் கலங்கியிருந்தது. இவர் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டு, முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்து, வாயை அகலமாகத் திறந்து, ஒவ்வோர் எழுத்தாகக் கத்தினார்.

"மன்! னிச்! சுக்! குங்க! ண்ணே!"

இவர் அந்த வாயையே பார்த்தார். இவரிடம் இதுவரை யாரும் அப்படி வாயைத் திறந்து பேசினதில்லை. சிரிப்பு முகத்தில் அப்படியே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு கையை உருவிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"எத்தனை பேருக்குத் தெரியும்?" என்றார். மெதுவாகக் கேட்பதாக நினைத்துத்தான் கேட்டார். தெருவே திரும்பிப் பார்த்தது.

நான் கம்பத்திலிருந்த குழாயைக் காட்டினேன்.