பொட்டு வைத்த பக்கம்

எங்கள் சுரங்கக் குடியிருப்பு மனமகிழ் மன்றத்துச் செயலாளருக்கு ஒலிப்பதிவோடு இருந்த சம்பந்தம் ஒன்றே ஒன்றுதான்: அறையின் சாவி அவரிடம் இருந்தது.

அறை என்றால், அதற்கு முன் டேபிள் டென்னிஸ் ஆடிய இடம். மேசையை வராந்தாவில் தூக்கிப் போட்டுவிட்டு, சுவரெல்லாம் சாக்குகளை ஆணியடித்துத் தொங்கவிட்டு, கதவில் ‘ஸ்டுடியோ’ என்று எழுதிவிட்டார்கள். உள்ளே ஒரு ஸ்பூல் டேப் ரெக்கார்டர். கூடவே அந்த மைக். ஜெர்மனிக்குப் பயிற்சிக்குப் போய் வந்த அதிகாரி ஒருவர், யாரை நம்பியோ தெரியவில்லை, அதை மன்றத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்திருந்தார். மேடையில் கையில் பிடித்துப் பாடுகிற ரகம் இல்லை, கண்டென்சர் மைக். ஸ்டாண்டில் நேராக நிற்கும். அதன் உச்சியைப் பார்த்துப் பாடக் கூடாது, முகப்புப் பக்கம் நின்று பாட வேண்டும். கழுத்தில் ஒரு சின்ன சுவிட்ச், அதன் அருகே மூன்று படங்கள்: இதயம், வட்டம், எட்டு. இதயத்தில் வைத்தால் முன்பக்கம் நன்றாகக் கேட்கும், முதுகுப் பக்கம் கிட்டத்தட்டச் செவிடு. வட்டத்தில் வைத்தால் நாலாபுறமும் கேட்கும். எட்டில் வைத்தால் முன்னும் பின்னும் ஒரே மாதிரி கேட்கும், இரண்டு விலாப்புறமும் செவிடு.

இவ்வளவுதான் விஷயம். நான் அப்போது எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்துவிட்டு, அப்ரெண்டிஸ் ஆர்டருக்குக் காத்துக்கொண்டு, அப்பாவின் குவார்ட்டர்ஸில் அகப்பட்ட ரேடியோவையெல்லாம் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். மைக்குடன் வந்த விளக்கத் தாளை, ஒரு எழுத்து ஜெர்மன் தெரியாமல், படங்களை வைத்தே புரிந்துகொண்டேன். செயலாளர் அதை மடித்து ஆடுகிற பெஞ்சின் காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தார்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மன்றத்தின் ஃபேன், கேரம் போர்டு, டேப் ரெக்கார்டர் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். மைக்கையும் விடவில்லை. ஒலி புகுகிற வலையின் மேலேயே அப்பினார்கள். அப்பியது முதுகுப் பக்கம். அன்றிலிருந்து பொட்டு இருக்கிற பக்கம்தான் மைக்கின் முகம் என்று செயலாளர் தீர்மானித்துவிட்டார். எதிர்ப்பக்கம், அதாவது நிஜமான முன்பக்கம், கம்பெனி முத்திரை பளபளத்துக்கொண்டிருந்தது.

“சார், முத்திரை இருக்கிற பக்கம்தான் முன்பக்கம்” என்றேன்.

“தம்பி, நான் எத்தனை மோட்டார் பார்த்திருக்கேன்! நேம்பிளேட்டை என்னிக்காவது மூஞ்சியில அடிப்பானா? பின்னாடி மூலையிலதான் இருக்கும். இதெல்லாம் டிப்ளமாவுல சொல்லித் தரமாட்டாங்களோ?”

அவர் ஸ்டோர்ஸ் அதிகாரி. அவர் பார்த்த மோட்டாரெல்லாம் மரப்பெட்டிக்குள் ஆணியடித்து வந்தவை.

வானொலி நிலையத்துக்கு மன்றத்தின் சார்பில் ஒரு மெல்லிசைப் பாடல் டேப் அனுப்புவதாக ஏற்பாடு. ஆண், பெண் இரண்டு குரல். பெண் குரல் செயலாளரின் மனைவி. நன்றாகவே பாடுவார், அந்த மன்றத்தில் பதவியின் தயவில்லாமல் நிற்கக்கூடியவர் அவர் ஒருவர்தான். ஆண் குரலுக்கு, மைன்ஸில் கன்வேயர் பக்கம் கான்ட்ராக்ட் வேலை பார்த்த ஒருவரை அந்த அம்மாவே தேடிப் பிடித்திருந்தார். ஒர்க்‌ஷாப் பூஜையில் அவர் பாடியதைக் கேட்டிருக்கிறார். குறிஞ்சிப்பாடிக்காரர், நெசவுக் குடும்பம். ஷிஃப்ட் முடிந்து சைக்கிளோடு நேரே ஒத்திகைக்கு வந்துவிடுவார். ஹார்மோனியம் செயலாளர். வேறு யார் வாசிப்பது என்ற கேள்வியே எழவில்லை, எழுந்திருக்க வேண்டியது.

“ரேடியோவுல நம்ம கொரலு வந்துடுச்சின்னு வையிங்க, எங்க தெருவுல அத்தினி தறியும் நின்னுடும்” என்று பாடகர் ஒருநாள் என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு வெட்கப்பட்டுக்கொண்டு சைக்கிள் மணியைத் துடைத்தார்.

பதிவு நாளன்று செயலாளர் இடம் ஒதுக்கினார்.

“ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல நின்னு பாடறதா? லேடீஸ்கிட்ட கான்ட்ராக்ட் ஆளு ஒட்டிக்கிட்டு நின்னா பார்க்க நல்லாவா இருக்கும்?”

பார்ப்பதற்கு யார் இருந்தார்கள் அங்கே? சாக்கு. ஆனாலும் மைக்கை நடுவில் தடுப்புச் சுவர் மாதிரி நிறுத்தி, மரியாதையான பொட்டுப் பக்கத்தில் மனைவியையும், முத்திரைப் பக்கத்தில் பாடகரையும் எதிரெதிரே நிற்க வைத்தார். விலாப்புறமாக நாற்காலி போட்டு, ஸ்டூலில் ஹார்மோனியத்தோடு தான் உட்கார்ந்தார். சுவிட்ச் இதயத்தில் இருந்தது. யாரும் தொடாதிருக்க அதன் மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்.

பாடி முடித்து டேப்பைப் போட்டுக் கேட்டால், பாடகர் நம் காதருகே நின்று பாடினார். அந்த அம்மா அடுத்த பிளாக்கிலிருந்து பாடினார்.

“ஏம்பா, மைக்கைக் கண்டா கத்தணும்னு தோணுதா ஒனக்கு?”

“கத்தலீங்க சார். மெதுவாத்தான் பாடிக்கினு இருந்தேன்.”

“ரெண்டடி பின்னாடி போ.”

போனார். மறுபடி பதிவு. மறுபடியும் அவர் குரல்தான் மேலே நின்றது. இன்னும் பின்னால் போகச் சொன்னார். கடைசியில் பாடகர் வாசல் நிலையில் முதுகு இடிக்க நின்றார்.

“இன்னும் கொஞ்சம்.”

“இதுக்கு மேல சைக்கிள் ஸ்டாண்டுங்க சார்.”

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அதுதான் செயலாளருக்குப் பொறுக்கவில்லை. ஹார்மோனியத்தை மூடினார்.

“கொரல்ல பக்குவம் இல்ல. நீ வேலையைப் பாரு, போ. ஆம்பளைப் பாட்டை நானே பாடிடறேன்.”

எனக்கு அப்போதுதான் புரிந்தது, ஆள் ஆரம்பத்திலிருந்தே எதற்கு அடிபோட்டார் என்று. பாடகர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு செருப்பைத் தேடினார்.

“சார், மைக்கை ஒரே ஒரு தடவை திருப்பி வச்சுப் பார்ப்போமே” என்றேன்.

“பூஜை போட்ட சாமானை முதுகைக் காட்டி நிறுத்தச் சொல்றியா? அதுவும் எங்க வீட்டம்மாவுக்கு?”

“திருப்ப வேணாம் சார். சுவிட்சை எட்டுக்குத் தள்ளிட்டா ரெண்டு பக்கமும் முகம்தான்.”

“எட்டு சனியோட நம்பர்.”

“நாம குடியிருக்கிற பிளாக்கே எட்டுதான்” என்றார் அந்த அம்மா. “இத்தனை வருஷத்துல சனி நம்மளை என்ன செஞ்சிடுச்சு? அண்ணே, செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாங்க.” சொல்லிக்கொண்டே நகத்தால் பிளாஸ்திரியை உரித்துப் போட்டார். நான் சுவிட்சைத் தள்ளினேன். செயலாளர் முறைத்துக்கொண்டே ஹார்மோனியப் பெட்டியை மறுபடி திறந்தார்.

அப்படிப் பதிவு செய்து கேட்டபோது நாங்கள் மூன்று பேரும் அசையவில்லை. ஒரு குரல் விட்ட இடத்தில் மற்றது ஏற்றத்தாழ்வில்லாமல் எடுத்துக்கொண்டது. பாடகர் தன் குரலை, யாரோ தெரிந்தவரைக் கூட்டத்தில் பார்த்ததுபோல, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அசைந்தவர் செயலாளர் மட்டும்.

“என் பெட்டி எங்கே?”

இந்தக் கேள்விக்காகவே நான் டிப்ளமா படித்தேன் என்று சொல்லலாம். “நீங்க செவிட்டுப் பக்கத்துல உட்கார்ந்திருக்கீங்க சார்.”

“அப்ப வட்டத்துல வை.”

வைத்தேன். சாலையில் போன கம்பெனி பஸ் சரணம் முழுவதையும் எடுத்துக்கொண்டது. மறுபடி எட்டுக்கே வந்தோம். இனி ஹார்மோனியம் கேட்க வேண்டுமானால் அது இரண்டு பாடகர்களில் ஒருவர் பக்கம் போயாக வேண்டும். செயலாளர் அதைத் தூக்கிக்கொண்டு மனைவியின் பக்கம் போனார்.

“இங்க வேணாம். காதுகிட்ட வந்து இரைஞ்சா எனக்கு சுருதி போயிடும். அந்தப் பக்கம் போங்க.”

அந்தப் பக்கம் என்றால் கான்ட்ராக்ட் ஆளின் பக்கம். ஸ்டூலில் வைத்தால் பெட்டி அவர் குரலை அமுக்கியது. தரையில்தான் வைக்க வேண்டும் என்றேன். செயலாளர் பேண்ட் அழுக்காகாமலிருக்க ஒரு பழைய பேப்பரைத் தேடி விரித்து, பாடகரின் காலடியில் சம்மணம் போட்டார். அத்தனை நேரமும் பாட்டைக் காப்பாற்றுவதாகச் சொன்ன மனிதர், தன் பெட்டி கேட்பதற்காக எங்கே வேண்டுமானாலும் உட்காருவார் என்று எனக்கு அன்று தெரிந்தது.

பாடகர் பதறிவிட்டார். “சார் கீழ ஒக்காந்துக்கினு இருக்காரு, நான் எப்படிங்க நின்னுக்கினு பாடறது?”

“பாட்டுக்குத்தானே நிக்கறீங்க? நில்லுங்க” என்றார் அந்த அம்மா.

நான் டேப்பை ஓடவிட்டேன். பல்லவியைத் தயங்கித் தொடங்கியவர், அனுபல்லவி வருவதற்குள் கீழே யார் இருக்கிறார் என்பதை மறந்து போனார். வானொலி நிலையத்துக்கு அந்த டேப்தான் போனது.