கல்லறைப் பூங்கா

எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். கண்ணில் படும் பலகையை எல்லாம் வாசித்து அம்மாவுக்கு விளக்குவேன். தொண்ணூறுகளின் தொடக்கம். லண்டனில், ஸ்ட்ரெதத்தில் இருந்தோம். அம்மா அலுவலகங்களில் துப்புரவு வேலை செய்தார். இரண்டு ஷிப்டுகளுக்கு நடுவே பக்கத்துப் பூங்காவில் ஒரு மர வாங்கில் உட்கார்ந்து சோற்றுப் பெட்டியைத் திறப்பார். கல்லூரியிலிருந்து நானும் வந்து சேருவேன்.

ஒருநாள் வாசல் பலகையை வாசித்தேன். அங்கே ஒரு தேவாலயம் இருந்ததாம். உலகப்போரில் குண்டு விழுந்து எரிந்துபோனதாம். பிறகு கவுன்சில் கல்லறைகளை நிரவிப் புல் போட்டு, பெயர்க்கற்களை மதிலோரம் சாய்த்து வைத்ததாம். பெருமையாகச் சொல்லி முடித்தேன். அம்மாவின் கை சோற்றிலேயே நின்றது.

“அப்ப ஒரு வருசமா சவக்காலையிலயோ இருந்து சாப்பிட்டனான்?”

“அது ஐம்பது வருசத்துக்கு முந்தின கதை, அம்மா.”

“செத்த ஆக்களுக்கு வருசம் என்ன கணக்கு? எழும்பு!”

அன்றிலிருந்து பூங்காவுக்குள்ளால் வந்தால் வீட்டுக்குள் வருமுன் தலைமுழுக வேண்டும். குளியலறை வீட்டுக்குள்தானே இருக்கிறது என்றால், “ஒண்டையும் தொடாமல் நேர போ” என்பார். சுற்றிப் போக இருபது நிமிடம். எனக்கு ஏது பொறுமை? குறுக்கே ஓடிவந்துவிட்டுப் பொய் சொல்வேன். சப்பாத்தில் ஒட்டிய புல் காட்டிக்கொடுக்கும்.

எனக்குப் பின் பிறந்த தம்பி ஊரில் மூன்று மாதத்தில் இறந்தான். பச்சைக் குழந்தைகளை நாங்கள் எரிப்பதில்லை. சுடலை ஓரத்தில் புதைத்தார்கள். கல் இல்லை, ஒரு பூவரசுதான் அடையாளம். ஊரிலிருந்து யார் வந்தாலும் அம்மா முதலில் அந்த மரத்தைத்தான் விசாரிப்பார். அந்தக் குளிர்காலத்தில் வந்த மாமாவிடமும் கேட்டார்.

“சுடலை இப்ப ஆமிக் காம்ப், அக்கா. புல்டோசர் விட்டு நிரவிப்போட்டாங்கள். பூவரசும் இல்லை.”

“தேத்தண்ணி ஆறுது, குடி” என்றார் அம்மா.

சனிக்கிழமை என்னைப் பூங்காவுக்குக் கூட்டிப்போனார். மதிலோரக் கற்களை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொன்னார். பெயர், வயது, பெயர், வயது. குளிரில் கால் மாற்றி மாற்றி நின்று வாசித்தேன். ஒரு கல்லில் ‘நான்கு மாதம்’ என்று இருந்தது. அதன் பாசியைத் தன் கையுறையால் துடைத்தார்.

புல்வெளியில் பிள்ளைகள் பந்தடித்தார்கள். பந்து அம்மாவின் காலடிக்கு உருண்டு வந்தது. ஏசப்போகிறார் என்று நினைத்தேன். சப்பாத்தால் தட்டித் திருப்பி அனுப்பினார்.

“ஆமி போனாப் பிறகு அங்கையும் பிள்ளையள் விளையாடுங்களோ, பிள்ளை?”

அதற்கு நான் வாசித்துச் சொல்லப் பலகை எதுவும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா நேரே அடுப்படிக்குப் போனார். குளிக்கவில்லை. திங்கட்கிழமை பழைய வாங்கிலேயே சோற்றுப் பெட்டியோடு இருந்தார். என்னைக் கண்டு கை காட்டினார். அத்தனை பெயரையும் வயதையும் வாசித்த பிறகு எனக்குத்தான் அந்தப் புல்லில் கால் வைக்க முடியவில்லை. மதிலைச் சுற்றி வேகமாக நடந்தேன், இருபது நிமிடமும்.