தேதி மேல் குங்குமம்

திண்டிவனத்தில் தடுப்பூசி போடும் அலுவலகத்தின் ஜன்னலில் நிற்கிறேன். பஸ் ஸ்டாண்டில் மெட்ராஸ் பஸ் ஹாரன் அடிப்பது இங்கே கேட்கிறது. நைஜீரியாவில் வாத்தியார் வேலை. நாளை மறுநாள் விமானம். காலரா ஊசி போட்டு ஆறு நாளாவது ஆகியிருந்தால்தான் ஏற விடுவார்கள். எனக்கு இங்கே போட்டு எட்டு நாளாகிவிட்டது. ஆனால் அதைச் சொல்ல வேண்டிய மஞ்சள் அட்டையில் தேதியைக் காணோம்! விழுப்புரத்தில் அம்மா, புதுக் காகிதமாயிற்றே என்று மேல்மலையனூர் அம்மன் கோயில் குங்குமத்தைக் குழைத்து, நேராகத் தேதியின் மேலேயே பொட்டு வைத்துவிட்டாள். துடைத்தேன், மையும் சேர்ந்து போய்விட்டது.

"அம்மனே கையெழுத்துப் போட்டுட்டா, நான் எங்க தம்பி போடறது?" கம்பவுண்டர் சிரிக்கிறார். "வேணும்னா இன்னொரு ஊசி போட்டுக்கினு போ. இன்னிக்குத் தேதி போட்டுத் தர்றேன்."

"அப்ப விமானம் போயிடும் சார்! ரெஜிஸ்டரைப் பாருங்க சார்."

"இன்னா பேஜாரு பண்றே..." என்று முனகிக்கொண்டே பக்கம் பக்கமாகப் புரட்டுகிறார். என் பெயர் இருக்கிறது, தேதியும் இருக்கிறது. புது அட்டை எழுதி முத்திரை குத்துகிறார். கை நீட்டுகிறேன். அவர் கொடுக்காமல், சாமி படத்தடியில் இருக்கும் குங்குமக் கிண்ணத்துக்குள் விரலை விடுகிறார்.

"மூலைலதான் தம்பி வெக்கறேன்."

அட்டையைப் பிடுங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுகிறேன்.