இருபது கேள்வித் தாள்

தொண்ணூறுகளின் கடைசியில் ஆரணியில் எங்கள் சிறிய சபையின் வேதபாட வகுப்பை நான்தான் நடத்தினேன். பள்ளியில் சரித்திர ஆசிரியர், கொஞ்சம் கிரேக்கமும் தெரியும். அதனால் கடினமான வசனங்களை எளிமையாக்கும் பொறுப்பை எனக்கு நானே கொடுத்துக்கொண்டேன்.

அப்பமும் திராட்சரசமும் பெறும் திருவிருந்தில் தகுதியில்லாமல் பங்கெடுப்பவன் தண்டனையை வரவழைத்துக்கொள்கிறான் என்று வேதத்தில் உள்ள நிருபம் ஒன்றில், அதாவது சபைக்கு எழுதிய கடிதத்தில், வருகிறது. பழைய மொழிபெயர்ப்பில் அது யாருக்கும் விளங்காது. நான் அதை இருபது கேள்விகளாக உடைத்து, ஜெராக்ஸ் எடுத்து, பெஞ்சு பெஞ்சாகக் கொடுத்தேன். ஒரு கேள்விக்கு 'ஆம்' வந்தாலும் அந்த மாதம் திருவிருந்துக்கு எழுந்து வரக்கூடாது. மிகவும் எளிமை. அடுத்த மாதமே திருவிருந்து வரிசை பாதியானது. போதகர் மீந்த அப்பத்தைப் பார்த்து விழித்தார். நான் அதை ஆவிக்குரிய விழிப்பு என்றேன்.

தறி முதலாளி ஒருவர் வீட்டில் பட்டு நூலைத் தார்க்குச்சியில் சுற்றும் அம்மா ஒருவர் தாளோடு என்னிடம் வந்தார்.

"சார், ஒம்போதாவது கேள்வி. சாமிக்குப் படைச்சத எப்பவாச்சும் தின்னியான்னு கேட்டுகிறீங்க. ஆயுதபூஜைக்கு மொதலாளி வூட்ல தறிக்குப் படைச்சிட்டு பொரி குடுப்பாங்க. வேணாம்னா மூஞ்சி காட்டுவாங்க. தின்னுட்டேன்."

"கேள்வி தமிழில்தானே இருக்கிறது? படிக்கத் தெரியும்தானே?" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் தாளை நாலாக மடித்துக்கொண்டு போனார்.

வருடாவருடம் ஆயுதபூஜை வந்தது, பொரியும் வந்தது. அவர் ஞாயிறு தவறாமல் வந்தார். திருவிருந்தின்போது மட்டும் எழுந்திருக்கவில்லை. ஒன்பது வருடம்.

இனி என் பங்கு. எங்கள் பள்ளி அலுவலகத்திலும் பூஜை உண்டு. பொரியும் கடலையும் வெல்லமும் காகிதத்தில் மடித்து வரும். நான் இரண்டு பொட்டலம் தின்பேன். விக்கிரகம் ஒன்றுமில்லை, ஆகவே அந்த உணவு வெறும் உணவுதான் என்று அதே நிருபம் மூன்று அதிகாரம் முன்னால் சொல்கிறது. அது எனக்குத் தெரியும். தாளில் மட்டும் அதற்கு இடம் போதவில்லை. திருவிருந்து வரிசையில் முதலில் முழங்காலிட்டவன் நான்.

ஓய்வு பெற்ற பிறகு இது உறுத்தியது. ஒரு ஞாயிறு வாசலில் அவரை நிறுத்தி, "அம்மா, நானும் அந்தப் பொரியைத் தின்றிருக்கிறேன்" என்றேன்.

"தெரியும் சார். என் பொண்ணு உங்க இஸ்கூல்லதான படிச்சா. வந்து சொன்னா."

"பிறகு ஏன் கேட்கவில்லை?"

"படிச்சவங்களுக்கு ஒண்ணும் ஆவாது, எங்கள மாதிரி ஆளுங்களத்தான் தண்டன புடிக்கும்னு நெனச்சிகினேன்."

நான் தொண்டையைச் செருமி, அந்த நிருபத்தைப் பெற்ற ஊரின் சந்தை, அங்கே விற்ற படையல் இறைச்சி என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"சார், ஆராதனைக்கு மணி அடிக்கப் போறாங்க. ஜல்தியா சொல்லுங்க. நான் போலாமா, கூடாதா?"

"போகலாம்மா."

"இம்மாந்தானா?" என்றார்.

அன்று திருவிருந்து நாள். அவர் எழுந்தார். நான் எழவில்லை. என் பெஞ்சைக் கடக்கும்போது குனிந்து, "இன்னா சார், முட்டி வலியா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். முட்டிக்கு ஒன்றுமில்லை.